கதவு போவார் என்று எழுதியவள்

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தியது ஒரு கால்பந்தாட்டக்காரருக்காக. மற்ற வீடுகளில் காதல், சொத்து என்று ஏதாவது கௌரவமான காரணம் இருக்கும். இந்த வீட்டில் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காக்கிற தடுப்பாட்டக்காரர்.

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது மேசைமேல் தட்டு இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"சாப்பிடறவங்க சாப்பிடலாம். ஊரார் புள்ளைங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்தா பசிக்கத்தான் செய்யும்."

"அம்மா, நான் அவர அனுப்பல. கிளப் அனுப்பும்னு எழுதினேன். ரெண்டும் ஒண்ணில்ல."

சுவர் பதில் சொல்லவில்லை.

அப்பா ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அவருக்குக் கால்பந்தும் ஒன்றுதான் கைப்பந்தும் ஒன்றுதான். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தாளு பேரு என்ன சொன்னீங்க, கதவா, ஜன்னலா?"

"நீங்க வாய மூடுங்க," என்றாள் அம்மா. அன்று காலை அவள் மனிதரைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

கதவு என்பது அந்த ஆட்டக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல, மைதானம் வைத்தது. கிளப்பில் சேர்ந்த முதல் வருஷம் இடது ஓரமாக ஓடி வந்த ஒருவனையும் அவர் தாண்ட விடவில்லை. எதிரணிக்காரன் பந்தோடு நெருங்கினால் போதும், அரங்கமே "சாத்து, சாத்து" என்று கத்தும். பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் அடுக்கும் வேலையை நாளெல்லாம் நின்றபடி செய்துவிட்டு வரும் அம்மா, மேட்சையும் நின்றுதான் பார்ப்பாள். ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள், அன்றைக்கு அணி தோற்றது. அதிலிருந்து கால் வீங்கினாலும் நாற்காலி பக்கம் போவதில்லை. கதவு பந்தைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் டிவியைப் பார்த்து "என் ராசா" என்பாள். அப்பாவை அவள் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அந்த ராசாவைத்தான் மகள் 'போவார்' என்று எழுதிவிட்டாள்.

மகள் வேலை பார்ப்பது ஒரு விளையாட்டு நாளிதழில். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்; படித்தது புள்ளியியல். சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரை மேட்ச் கிடையாது. ஆனால் பக்கங்கள் அப்படியேதான் இருக்கும், நிரப்பியாக வேண்டும். அதற்காக அவள் ஆரம்பித்ததுதான் 'இருப்பார், போவார்' என்ற பத்தி. ஊர் கிளப்பின் ஆட்டக்காரர்களில் யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று கிளப் அறிவிக்கும் முன்பே ஒவ்வொருவராகச் சொல்வது. வயது, காயம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கடைசி ஆட்டங்களில் எவ்வளவு நேரம் ஆடவிட்டார்கள், அதே இடத்துக்குப் பின்னால் எவன் தயாராகிறான், இதையெல்லாம் போட்டுக் குழப்பி வடிகட்டுவாள். போன வருஷம் ஏறக்குறைய எல்லாமே அவள் சொன்னபடியே நடந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியம் என்று பெயர் வைத்தார்கள். "ஜோசியம் இல்ல, கணக்கு," என்று கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வெளியே வேறொரு பேச்சு கிளம்பியது. இவளுக்குக் கிளப்புக்குள் ஆள் இருக்கிறது. இல்லாமல் எப்படி இவ்வளவு சரியாகச் சொல்வாள்? மற்ற நிருபர்கள் கேண்டீனில் தோளை இடித்துக் கேட்டார்கள்: "யாரும்மா உன் ஆளு? கோச்சா, சேர்மன் வீட்டுப் பக்கமா?"

முதலில் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு பெண் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள் என்பதைவிட எவனோ காதில் ஓதினான் என்பது இவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இறங்குகிறது. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் அவளைக் கெடுத்தது. பள்ளியில் சேரப் போனபோது, விடுதியில் இடம் கேட்டபோது, வேலைக்கு நேர்காணல் போனபோது, எல்லா மேசையிலும் ஒரே கேள்வி: "யார் சொல்லி வந்தீங்க?" யாரும் சொல்லி அவள் வந்ததில்லை. அப்பாவுக்குத் தெரிந்த மிகப் பெரிய மனிதர் கிடங்கின் மேற்பார்வையாளர்; அவருக்கு அப்பாவின் பெயர் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது என்று ஊர் நம்புகிறது. 'யார் உன் ஆள்' என்று கேட்டபோது அவள் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டு டீயைக் குடித்தாள்.

இந்த வருஷம் கதவை 'போவார்' பக்கம் போட்டதற்குக் காரணங்கள் இருந்தன. வயது முப்பத்துமூன்று, இடது முட்டி சரியில்லை, ஒப்பந்தம் முடிகிறது. இத்தனைக்கும் பிறகு தராசு நடுவில்தான் நின்றது. சாய்த்தது கிளப்பின் ஜெர்சிக் கடை. போகப்போகிறவர்களின் ஜெர்சியைக் கடைக்காரர் சீசன் முடியும் முன்பே பாதி விலைத் தொட்டியில் போட்டுவிடுவார். கிளப் வாய் திறக்கும் முன் கடை வாய் திறந்துவிடும். போன வருஷம் இதைக் கவனித்த ஒரே நிருபர் அவள்தான். இந்த வருஷம் எட்டிப் பார்த்தபோது தொட்டியின் மேலேயே கிடந்தது கதவின் ஜெர்சி.

அவள் எழுதிக் கொடுத்தது 'கதவு போகக்கூடும்' என்று. ஆசிரியர் அதற்குத் தலைப்பு வைத்தார். தலைப்பு வைப்பதில் அவருக்கு அப்படியொரு வெறி. வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கே தலைப்பு வைத்தவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். காலையில் தாளைப் பிரித்தால் முழுப் பக்கத்துக்கு நின்றது: 'கதவு வெளியே: கிளப்புக்குள்ளிருந்து உறுதியான தகவல்.'

"யார் சார் உறுதி பண்ணது?" என்று அவர் அறைக்குள் போய்க் கத்தினாள்.

"கணிப்புன்னு போட்டா எவன் படிப்பான்? மழை வருமான்னே கணிப்புதான் சொல்றான், குடை எடுத்துட்டா போறோம்?"

கத்தினாள்தான். ஆனால் மறுப்புப் போடுங்கள் என்று அடம்பிடிக்கவில்லை. 'கிளப்புக்குள்ளிருந்து' என்ற அந்த ஒரு சொல் அவளுக்குக் கசக்கவில்லை. வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்து, அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படித்தாள்.

*

இரண்டு நாள் கழித்து மதியம் போன் வந்தது.

"நான் கதவோட வீட்டுக்காரி பேசறேன். சண்டைக்குக் கூப்பிடலம்மா, பயப்படாதீங்க. ஒரு விஷயம் நேர்ல கேக்கணும். வர முடியுமா?"

சண்டைக்கு என்றால் போயிருப்பாள், அது அவளுக்கு வரும். சண்டைக்கு இல்லை என்றதால் என்ன தயார் பண்ணிக்கொள்வது என்று தெரியாமலே கிளம்பினாள்.

மாடி வீடு. வாசற்கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள், சுருட்டிய பாய், கழற்றிய கட்டிலின் கால்கள். நடுவில் தரையில் உட்கார்ந்து, மடக்க முடியாத இடது காலை நேரே நீட்டிக்கொண்டு, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். டிவியில் மலைபோல் தெரிவார். தரையில் உட்கார்ந்து பல்லால் டேப்பைக் கடித்து இழுக்கிறவரைப் பார்த்தால் யார் வீட்டு மாமா போலவும் இருந்தது.

"வாங்கம்மா. நாற்காலியெல்லாம் கட்டியாச்சு. அந்தப் பெட்டி மேல உக்காருங்க, அதுல துணிதான். பக்கத்துப் பெட்டி வேண்டாம், கண்ணாடி."

அவள் துணிமேல் உட்கார்ந்தாள். மனைவி மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறவர். சீருடையைக்கூட மாற்றவில்லை, கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்கம்மா ஊர் ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு இடம் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நான் இங்க ராஜினாமா குடுத்தாதான் அது எனக்கு. அதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க. குடுத்துட்டேன்னா இந்த வேலை திரும்ப வராது. பாப்பாவுக்கு ஸ்கூலும் மாத்தணும். அதனால கேக்கறேன். உங்ககிட்ட சொன்னது யாரு? கோச்சா, சேர்மனா?"

"அது வந்து…"

"கோச்சுன்னா இவரு போய் இன்னொரு தடவ பேசிப் பாப்பாரு. சேர்மன்னா பேசிப் பிரயோஜனமில்ல, நான் லெட்டர குடுத்துடறேன். பேர வெளிய விட மாட்டோம்மா. எங்க பொழப்பு சம்பந்தப்பட்டது, அதான்."

வழக்கமான அந்தச் சிரிப்பு அவள் உதடு வரைக்கும் வந்தது. அங்கேயே செத்தது.

"யாரும் சொல்லல," என்றாள்.

"பரவால்ல, சொல்லுங்க."

"நிஜமாவே யாரும் சொல்லலக்கா. எனக்கு கிளப்புல ஒருத்தரையும் தெரியாது. நானா கணக்குப் போட்டேன். உள்ளிருந்து தகவல்னு போட்டது எங்க ஆசிரியர்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு டேப்பைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதின மறுநாளே கோச்கிட்டப் போனேம்மா. அவரு, 'சேர்மன் முடிவு பண்ணிட்டாருப்பா, பேப்பர் வரைக்கும் போயிருச்சே, இனிமே நான் என்னத்த சொல்ல'ன்னாரு. சரின்னு சேர்மன் ஆபீசுக்குப் போனேன். அங்க, 'கோச் உன்ன வேணாம்னு பேப்பர்காரங்ககிட்டயே சொல்லிட்டாராமே, அவரு வேலைல நாங்க தலையிடறதில்ல'ன்னாங்க."

கீழே தெருவில் யாரோ ஒருவன் வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இவர அனுப்பறது யாரு?" என்றார் மனைவி மெதுவாக.

கதவு யோசித்தார். பிறகு அவளைப் பார்த்து, மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னார்: "நீங்கதான் போல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். "கடையில உங்க ஜெர்சிய பாதி விலைக்குப் போட்டிருந்தாங்க, அதப் பாத்துத்தான்…" என்று ஆரம்பித்தாள். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் லெட்டர் குடுக்காதீங்கக்கா. நான் விசாரிச்சிட்டு வர்றேன்."

"யார்கிட்டம்மா விசாரிப்பீங்க?" என்று கேட்டார் மனைவி. "யாரையும் தெரியாதுன்னீங்களே."

*

தெரிந்த ஒரே இடத்துக்குப் போனாள். ஜெர்சிக் கடைக்காரர் ஒரு பொம்மைக்கு அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கதவோட ஜெர்சிய தொட்டியில போடச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும்? நீங்கதான் எழுதினீங்களே."

"நான் எழுதினது இப்போ. நீங்க போட்டது அதுக்கு முன்னாடி."

"சீசன் நடுவுல ஒண்ணு எழுதினீங்க பாருங்க, சந்தேகத்துல இருக்கற அஞ்சு பேருன்னு. அதுல கதவு இருந்தாரு. போன வருஷம் கிளப்புல காதுல விழுந்தவங்களத்தான் தொட்டியில போட்டேன்; நீங்க எழுதின மத்தவங்களும் கெளம்பிட்டாங்க, அவங்க சரக்கு தேங்கிப் போச்சு. இந்த வருஷம் உஷாராயிட்டேன்." பொம்மையின் இடுப்பைத் தட்டிவிட்டார். "உங்கள நம்பித்தான் கடையே ஓடுது."

அவள் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். சீசன் நடுவில் ஒரு மந்தமான வாரத்தில், பக்கம் நிரப்ப, அரைமணி நேரத்தில் எழுதிப் போட்ட பத்தி. அதை நம்பிக் கடை ஜெர்சியைக் கொட்டியது. கடையை நம்பி அவள் கதவைக் கொட்டினாள். அவளை நம்பிக் கோச்சும் சேர்மனும் கையைக் கழுவினார்கள். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து, யாரோ தெரிந்தவர் என்று கையாட்டியிருக்கிறாள். இதற்கு ஒரு பட்டம் வேறு, அதுவும் புள்ளியியலில்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து தன்னையே திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி தள்ளி உட்கார்ந்தார்.

*

மறுநாள் காலை பயிற்சி மைதானத்தில் ஆளில்லை. புல்லுக்கு மட்டும் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. கோச் தன் அறையில் காபிக் கோப்பைமேல் பிஸ்கட் பாக்கெட்டை மூடி வைத்திருந்தார். அம்மாவின் தொழிற்சாலைப் பாக்கெட். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. என்னப் பத்தி என்ன எழுதப்போற? நான் இருப்பேனா, போவேனா?"

"சார், கதவ அனுப்பச் சொல்லி சேர்மன் உங்ககிட்ட சொன்னாரா?"

"உன்கிட்டதான சொன்னாரு."

"இல்ல."

"சும்மா சொல்லாதம்மா. அவரு வீட்டுல யாரு உனக்கு? அந்த மருமகப் பொண்ணா? இல்லாம உன்ன மாதிரி ஒரு பொண்ணுக்கு எப்படி…"

"என்ன மாதிரின்னா?"

கோச் காபியைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், என்ன மாதிரி? எங்கம்மா அந்த பிஸ்கட்ட பாக்கெட்ல அடுக்கறாங்க. எங்கப்பா கிடங்குல வண்டி ஓட்டறாரு. சேர்மன் வீட்டு நாய்கூட என்னப் பாத்தா குரைக்கும். எனக்கு யாரையும் தெரியாது. நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் தப்பு."

கடை, தொட்டி, 'சந்தேகத்தில் ஐவர்' எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கோச் நடுவில் ஒருமுறை சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நெசமா யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் அவன இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கலாம்னுதாம்மா இருந்தேன். பின்னாடி வர்றானே சின்னவன், அவனுக்கு வேகம் இருக்கு, எங்க நிக்கணும்னு தெரியல. பேப்பர்ல பாத்ததும், சரி, மேலிடத்து முடிவு, நம்ம எதுக்கு வாயக் குடுக்கணும்னு விட்டுட்டேன்."

"இப்போ போய்ச் சொல்லுங்க. ஒப்பந்தத்த முடிவு பண்ற கமிட்டி வெள்ளிக்கிழமைதான் உக்காருது."

"என்னன்னு சொல்ல? ஒரு பொண்ணு வந்து பேப்பர்ல வந்தது பொய்னு சொன்னா, அதனால கேக்கறேன்னா? அவரு நெஜமாவே முடிவு பண்ணியிருந்தார்னா? எனக்கும் ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடியுது தாயி."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு பயமா என்று. ஆனால் அந்தப் பயத்தை அவளுக்குத் தெரியும். யாரை நிறுத்தப் போகிறார்களோ என்ற சம்பளநாள் காலையில் அப்பாவின் தோளில் அதைப் பார்த்திருக்கிறாள். இவருக்குச் சட்டைதான் கொஞ்சம் விலை கூடுதல்.

"பேப்பர்ல வந்தது பேப்பர்லயே மாறட்டும்," என்றார் கோச். "நீ எழுது. நான் அதக் கையில எடுத்துட்டுப் போறேன். அது இருந்தா பேச எனக்கு வாய் வரும்."

*

ஆசிரியர் அவள் நீட்டிய பக்கத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் வரி: 'எனக்குக் கிளப்பில் யாரையும் தெரியாது.'

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு."

"நமக்கு உள்ள ஆள் இருக்குன்னு நம்பித்தான் அத்தன பேரும் காசு குடுத்து வாங்கறான்."

"இல்லாத ஆளு சார்."

"இல்லாத ஆளுதாம்மா நல்ல ஆளு. சம்பளம் கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான், நாளைக்கு வந்து நான் அப்படிச் சொல்லலன்னு மறுக்க மாட்டான்."

"ஒரு குடும்பம் பெட்டி கட்டிட்டு உக்காந்திருக்கு."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? கிளப் முடிவு."

"கிளப் முடிவே பண்ணல. நீங்க வெச்ச தலைப்பு முடிவு பண்ணுச்சு. நானும் வாய மூடிட்டு இருந்தேன். நீங்க போடலன்னா இத நான் எதிர் பேப்பர்ல குடுப்பேன்."

மிரட்டல் என்று வந்தால் ஆசிரியர் மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருடைய வெறி அவரை விடவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டார்: "அவங்க என்ன தலைப்பு போடுவாங்க?"

"தெரியல. உங்கள விட மோசமாத்தான் போடுவாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போடறேன்," என்றார். "ஆனா இதுக்கப்புறம் அந்தப் பத்தி உனக்கில்ல. யாரையும் தெரியாதுன்னு சொன்னவ எழுதற கணிப்ப எவன் படிப்பான்? ஸ்கோர் மேசைக்குப் போயிடு."

ஸ்கோர் மேசை என்றால் நாள் முழுக்கப் பிறத்தியார் சொல்லும் எண்களைத் தட்டச்சு செய்வது. பெயர் அச்சில் வராது. அவள் பெயர் அச்சில் வந்த முதல் பத்தியை அம்மா வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள்.

"சரி," என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கால் தானாகக் கழிப்பறைப் பக்கம் போனது. அங்கே குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்தப் பக்கத்தில் கடை, தொட்டி, தன் வாய்மூடல் எதையும் விடாமல் எழுதியிருந்தாள். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: 'கதவு இருப்பாரா, போவாரா? எனக்குத் தெரியாது. தெரியவேண்டியவர்கள் இரண்டு பேர். அவர்கள் இன்னும் ஒருவரோடொருவர் பேசவில்லை.'

வியாழக்கிழமை காலை தாள் வந்தது. தலைப்பு: 'எங்களுக்கு யாரையும் தெரியாது.' பாழாய்ப்போன மனிதர் நல்ல தலைப்புத்தான் வைத்திருந்தார்.

கேண்டீனில் சிரித்தார்கள். ஜோசியம் கடையை மூடிவிட்டது என்றார் ஒருவர். அவள் டீயை அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார். அவள் நாளிதழை அவர் படித்தது அதுதான் முதல் தடவை. "யாரையும் தெரியாதுங்கறத பேப்பர்லயே போட்டுட்டாங்க பாரு," என்றார் அம்மாவிடம். "நான் எத்தன ஆபீஸ் வாசல்ல இதச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் அச்சடிச்சானா?"

அம்மா தாளை வாங்கி, மடித்து, அலமாரிக்குள் வைத்தாள். பேசவில்லை. ஆனால் சுவரோடும் பேசவில்லை.

*

வெள்ளிக்கிழமை மதியம் அவள் ஸ்கோர் மேசையில், எங்கோ நடந்த ஏதோ பெண்கள் ஹாக்கி முடிவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவின் மனைவி போன் செய்தார். "எங்க ஆபீசர் நாலு மணிக்குக் கெளம்பிடுவாரும்மா. லெட்டர் என் பையில இருக்கு. ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரியலக்கா," என்றாள். நேற்றிலிருந்து அந்தச் சொல் அவளுக்குப் பழகிவிட்டது. "ஆனா முடிஞ்ச வரைக்கும் வெயிட் பண்ணுங்க."

ஹாக்கி முடிந்து நீச்சல் வந்தது. நீச்சலில் ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டித் திருத்தினாள். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டினாள். பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் வந்தபோது திரையில் புது எண்.

"கதவு பேசறேன்மா."

அவள் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள்.

"கமிட்டியில கோச் உங்க பேப்பர எடுத்து மேசை மேல வெச்சாராம். சேர்மன், 'நீங்கதான வேண்டாம்னீங்க'ன்னாராம். கோச், 'நீங்கதான வேண்டாம்னீங்க'ன்னாராம். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு இருந்தாங்களாம். டீ கொண்டு போன ஆளு வந்து நடிச்சே காட்டினாரு." அவர் சிரித்தார். "ஒரு வருஷம் குடுத்திருக்காங்க. பாதி நாள் ஆடாம பெஞ்சுலதான். பரவால்ல."

"அக்கா லெட்டர்…"

"குடுக்கல. நாலா மடிச்சு, ஆஸ்பத்திரியில ஆடற மேசைக்கு அண்டக் குடுத்திருக்கா. நானே வீட்டுக்குப் போய்ப் பெட்டியெல்லாம் பிரிக்கணுமாம். கட்டினது நீதான, நீயே பிரின்னுட்டா."

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுவைத்தாள்.

"வலிக்குது. மாடிப்படி ஏறும்போது அதிகமா." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு சொல்லவா? அடுத்த வருஷம் எழுதும்போது எங்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க. இத்தன வருஷத்துல என்னப் பத்தி எழுதின ஒருத்தரும் நீ இருக்கியா, போறியான்னு எங்கிட்ட கேட்டதில்ல."

வயது கேட்டிருக்கிறாள், நிமிஷம் கேட்டிருக்கிறாள், தொட்டியைக்கூடக் கேட்டிருக்கிறாள். அந்த ஆளைக் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"போறேன்னுதான்." அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "போன மாசம் அப்படி வலி. வீட்டுலகூடச் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க. பேப்பர்ல போவார்னு பாத்தப்புறந்தான் போக மனசில்லன்னு தெரிஞ்சுது."

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் அவள் எழுதியது சரியா, தப்பா? கணக்கில் இதை எந்தப் பக்கம் போடுவது? சிரிப்புத்தான் வந்தது, கொஞ்சம் சத்தமாகவே வந்தது. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் அந்தப் பத்தி தனக்கில்லை என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலையிலிருந்து வந்து, கால்களை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. தொழிற்சாலையில் பாக்கெட் அடுக்கும் வரிசை முழுக்கக் கைதட்டினார்களாம். அதை அப்பாதான் சொன்னார். அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்கோர் மேசையில போட்டுட்டாங்களாமே. பேரு வராதாமே."

"வராது."

"அந்த ஆசிரியன் கையில கொள்ளிய வெக்க," என்றாள் அம்மா. நேராக, மகளைப் பார்த்து. ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பிறகு. அப்புறம் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு முட்டி எப்படி இருக்காம்?"

"வலிக்குதாம். படி ஏறும்போது ஜாஸ்தியா."

அம்மாவின் கை துண்டிலேயே நின்றது. "யாருடி சொன்னா உனக்கு?"

"அவரே சொன்னாரும்மா."